படகு மாடலில் பெயிண்ட் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சென்னையில் மொட்டை மாடியில் வைத்து ஸ்பிரே கேனால் படகு மாடல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். இதுவரை ஒன்பது படகுகள். முதல் தடவையிலேயே ஒழுங்காக வந்தவை இரண்டுதான். மற்ற ஏழையும் எங்கேயாவது ஓரிடத்தில் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்திருக்கிறேன். அந்த ஏழில் கற்றதுதான் கீழே இருப்பது. கடையில் கிடைக்கும் 400 மி.லி. கேன், கார் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கேனில் அடைத்துத் தருவது, இரண்டுக்கும் பொருந்தும்.

என்ன கோளாறாக இருந்தாலும் முதல் வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஈரத்தோடு துணியால் ஒற்றுவது, விரலால் தடவுவது, "இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும்" என்று நினைப்பது, இந்த மூன்றும் பத்து நிமிட வேலையைப் பத்து நாள் வேலையாக்கிவிடும். அப்படியே காயவிட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

## எதற்கும் முன்னால்: அடியில் இருப்பது என்ன?

பாதிக் கோளாறு மேலே அடித்த பெயிண்டால் வருவதில்லை, அடியில் கிடப்பதோடு அது ஒத்துப்போகாததால் வருகிறது. அதனால் பழைய படகோ, யாரோ பாதியில் விட்டதோ, எதுவானாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வெள்ளைத் துணியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, சுக்கான் பக்கம் மாதிரி கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள்.

கலர் கரைந்து துணியில் வந்தால் லாக்கர் வகை (என்.சி., அக்ரிலிக்). தோல் மாதிரி சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த, இரு பாகப் பெயிண்டான 2கே, பி.யு. (பாலியூரித்தேன்) வகை.

லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடிக்கவே கூடாது. நன்றாக இறுகிய 2கே மேல் தேய்த்துவிட்டு எதையும் அடிக்கலாம். கேனின் மேல் வகை தெளிவாக எழுதியிருக்காது, "சீக்கிரம் காயும்" என்று மட்டும் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் ஒவ்வொரு படகுக்கும் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு வைத்திருக்கிறேன். படகுக்கு என்ன அடிக்கிறேனோ அது முதல் நாளே அந்தத் துண்டில் விழுந்திருக்கும்.

## பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விழுகிறது

மீன்கண் என்பார்கள். அடித்த சில நொடிகளிலேயே ஆங்காங்கே பெயிண்ட் விலகி, நடுவில் அடித்தளம் தெரியும். எண்ணெயோ மெழுகோ சிலிக்கானோ அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

கைகளில் ஆரம்பியுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு படகின் உடலான ஹல்லைத் தூக்கினால் போதும், விரல் விரலாகக் குழி வரும். என் மூன்றாவது படகில் நான்கு குழிகள் சரியாக என் நான்கு விரல் இடைவெளியில் வந்தன. அன்றிலிருந்து கையுறை.

அடுத்து, சுற்றி என்ன தெளித்தீர்கள்? காரின் டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரேயில் சிலிக்கான் உண்டு. அதைப் பக்கத்தில் எங்காவது அடித்திருந்தால் காற்றில் வந்து படியும். அதே துணியை இங்கேயும் பயன்படுத்தியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஃபைபர் ஹல்லா? அப்படியானால் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகு இன்னும் மேலே இருக்கிறது. வாங்கின ஹல்லில் இதுதான் பெரும்பாலும் காரணம். இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, எடுத்தவுடன் உப்புத்தாள் போடுவது. மெழுகு போகாது, கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு நீக்கும் கரைசல், அதற்கப்புறம்தான் 320 எண் உப்புத்தாள் (எண் கூடக் கூட நைசு), கடைசியில் மறுபடி ஒரு துடைப்பு. துடைக்கும்போது இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் நனைத்து, அது காய்வதற்குள் இன்னொன்றால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

சோதிக்க வழி: வெறும் ஹல் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். படலமாக விரிந்து நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் துடையுங்கள்.

ஏற்கெனவே குழி விழுந்ததைக் காயவிட்டு, குழி மறையும்வரை தேய்த்து, துடைத்து, பிறகு மிக மெல்லிய பனித்தூறல் மாதிரி இரண்டு மூன்று கோட் அடித்துப் பாருங்கள். கனமாக அடித்தால் திரும்ப விலகும். இரண்டு தடவை முழுதாகச் செய்தும் அதே இடத்தில் வருகிறதா, கார் பெயிண்டரிடம் கொண்டுபோங்கள். மீன்கண்ணுக்கென்றே ஒரு துளிமருந்து அவரிடம் இருக்கும், ஸ்பிரே துப்பாக்கியில் ஊற்றும் பெயிண்டில் கலப்பார். கேனுக்குள் அதைக் கலக்க வழியில்லை.

## பாலாடை மாதிரி சுருங்குகிறது

பார்க்கவே வயிற்றைப் பிசையும். ஆனால் காரணம் மூன்றுதான்.

ஒரே கேன், ஒரே பெயிண்ட், இரண்டாம் கோட்டில் சுருங்கினால் நேரக்கணக்கு தப்பியிருக்கிறது. எனாமல் கேன்களில் "1 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 24 மணி கழித்து" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும் (சிலதில் 48). அந்த இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், புதுக் கோட்டின் கரைப்பான் உள்ளே இறங்கித் தோலைத் தூக்கிவிடும். மழைக்காலத்தில் 24 என்று போட்டிருந்தால் நான் 48 என்று படித்துக்கொள்கிறேன்.

வேறு வேறு பெயிண்ட் என்றால் மேலே சொன்ன தின்னர் சோதனைக்குப் போங்கள், பெரும்பாலும் எனாமல் மேல் லாக்கர் விழுந்திருக்கும்.

பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்த இடத்தின் ஓரத்தில் மட்டும் வளையமாகச் சுருங்கினால், தேய்க்கும்போது பழைய பெயிண்டின் விளிம்பு அங்கே திறந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் 2கே பிரைமர் (கலருக்கு அடியில் போடும் பூச்சு) அல்லது எபாக்சி பிரைமரால் மூடிவிட்டுத் தொடருங்கள்.

சுருங்கியதைச் சரிசெய்யக் குறுக்குவழி இல்லை. ஒரு வாரம் விடுங்கள், பிறகு தட்டையாகும்வரை 320 தாள். ஹல் முழுவதும் சுருங்கியிருந்தால் பெயிண்டை மொத்தமாக எடுப்பதுதான் நல்லது. ஆனால் கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரை ஃபைபர் ஹல்லிலோ பிளாஸ்டிக்கிலோ வைக்காதீர்கள். பெயிண்டோடு படகும் போகும். தேய்த்தே எடுங்கள்.

## வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது

கறுப்பும் அடர்நீலமும் அடிக்கிறவர்களுக்கு இந்த ஊர் தருகிற பரிசு. லாக்கர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது.

சரிசெய்வது சுலபம். வெயில் வந்த, ஈரம் குறைந்த ஒரு நாளில் அதே கலரை மிக மெல்லிசாக ஒரு தடவை அடியுங்கள், மேல் அடுக்கு இளகி வெண்மை தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பேற்றும் பசை) போட்டுப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் ஈரம் ஆழத்தில் மாட்டிக்கொண்டது, தேய்த்து அடிப்பதுதான் வழி. வெண்மையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) மட்டும் அடித்துவிடாதீர்கள், நிரந்தரமாகிவிடும்.

வராமல் பார்த்துக்கொள்வது நேரம் பார்ப்பதில் இருக்கிறது. கடலோர ஊரில் காலை 7 மணிக்குக் காற்று ஈரமாக இருக்கும், கோடையில் மதியவாக்கில் கடல்காற்று ஏறியதும் மறுபடி ஈரம், சாயந்திரம் பனி. எனக்கு வாய்த்த நேரம் காலை 10 முதல் 11.30 வரை. ஐப்பசி, கார்த்திகையில் படகை வீட்டுக்குள் வைத்துத் தேய்ப்பு வேலையை மட்டும் செய்வேன், கலர் தை பிறந்த பிறகு. அவசரம் என்றால் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நான் லாக்கர் கேனைத் தொடுவதில்லை.

மழைக்கால மாலையில் விளக்கு போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள். ஈசல். ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் விடுங்கள், காய்ந்தபின் 1000 தாளில் ஒரு தடவு தடவினால் போய்விடும்.

## வழிந்துவிட்டது

பக்கத்தில் பிடித்தோ, மெதுவாக நகர்த்தியோ, கோடு முடியும் இடத்தில் விரலை எடுக்காமலோ அடித்திருக்கிறீர்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம், ஹல்லுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் வீச்சு, கோட்டுக்குக் கோட் பத்து நிமிடம். முன்முனையிலும் பக்கமும் அடியும் சேரும் விளிம்பிலும்தான் அதிகம் வழியும், ஏனென்றால் இரண்டு பக்கமிருந்தும் வீச்சு அங்கே விழுகிறது.

வழிந்ததைப் பிளேடால் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தைரியமில்லை. லாக்கரானால் இரண்டு நாள், எனாமலானால் ஒரு வாரம் விட்டுவிட்டு, வழிசலின் மேலும் சுற்றியும் என்.சி. பட்டியை மெல்லிசாக இழுத்துவிடுங்கள். 600 தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பட்டியும் வழிசலும் ஒன்றாகத் தேயும், பக்கத்துப் பெயிண்ட் தப்பிக்கும். பட்டி முழுவதும் மறைந்துவிட்டால் தட்டையாகிவிட்டது என்று பொருள்.

## சொரசொரப்பாக இருக்கிறது

தொட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி மேடுபள்ளம், கைக்கு வழவழப்பு என்றால் ஒரு வகை. கைக்கே உப்புத்தாள் மாதிரி நறநற என்றால் வேறு வகை.

ஆரஞ்சுத் தோல்: பெயிண்ட் சரியாகப் பரவுவதற்குள் இறுகிவிட்டது. கேன் குளிர்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம், விடாமல் அடித்தாலே கேன் ஜில்லென்றாகும். கை தாங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு அடியுங்கள். கொதிக்கிற தண்ணீரோ, அடுப்போ, மே மாத வெயிலோ கூடாது, 50 டிகிரிக்கு மேல் கேன் வெடிக்கலாம். காய்ந்தபின் 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் கண்ணாடி மாதிரி வரும், அடியில் போதிய கனம் இருந்தால். மூன்று கோட்கூட இல்லையென்றால் தேய்க்கும்போது பிரைமர் சிரிக்கும்.

நறநறப்பு: பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது. மாடியில் காற்று, உச்சி வெயில், இல்லை கேனை ரொம்ப தூரத்தில் பிடித்தது. 800 தாளில் லேசாகத் தடவிவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்து அடியுங்கள்.

மெட்டாலிக் கலரை மட்டும் கிளியர் போடுவதற்கு முன்னால் தேய்க்காதீர்கள், வெள்ளிப் பொடி திசை மாறித் திட்டுத் திட்டாகும். வரி வரியாக வந்திருந்தால் கடைசிக் கோட்டைச் சற்று தூரத்திலிருந்து குறுக்கு வாட்டில் தூவினால் சமமாகும்.

## டேப்பைப் பிரித்தால் பெயிண்டும் வருகிறது

முதலில் டேப்பைச் சந்தேகப்படுங்கள், அதுதான் சுலபம். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை கைலியில் ஒட்டி எடுத்தால் பிசின் குறையும். மூன்று நாள் வெயிலில் டேப்போடு விட்ட படகு என்றால் குற்றம் பெயிண்டின் மேல் இல்லை.

டேப் சரியாக இருந்தும் வருகிறது என்றால் ஒரு மூலையில் பிளேடால் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்த ஓரிடத்தில் மட்டும்தான் பிரச்சினை. கட்டம் கட்டமாகக் கழன்று வந்தால் பிரைமர் பிடிக்கவே இல்லை, ஃபைபரின் பளபளப்புப் போகாமல் அடித்துவிட்டீர்கள். அதற்குமேல் எத்தனை கோட் அடித்தாலும் வீண், அடிவரை எடுத்து 320-ல் மங்கலாக்கி மறுபடி தொடங்குங்கள்.

டேப்புக்கு அடியில் கசிந்து நீர்க்கோடு (தண்ணீர் மட்டத்தில் கலர் மாறும் கோடு) ரம்பமாகிவிட்டதா? அடுத்த தடவை டேப் ஒட்டியபின், புதுக் கலருக்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் கலரையே விளிம்பில் ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிவதானால் அது கசிந்து ஓட்டையை அடைத்துவிடும், வித்தியாசம் தெரியாது. பேப்பர் மாஸ்க்கிங் டேப் மட்டும் வைத்து நீர்க்கோடு எனக்குக் கூராக வந்ததே இல்லை. விளிம்புக்கு மெல்லிய பிளாஸ்டிக் டேப், அதன்மேல் பேப்பர். இன்சுலேஷன் டேப்பும் வளைவுக்கு நன்றாகப் போகும், ஆனால் இழுத்து ஒட்டினால் பத்து நிமிடத்தில் சுருங்கி முனையில் தூக்கிக்கொள்ளும். பெயிண்ட் முழுதாக இறுகுவதற்குள் டேப்பை மடக்கி, தன்மேலேயே திருப்பி, மெதுவாக இழுங்கள்.

## நாலு நாளாகியும் பிசுபிசுப்பு

எனாமலைக் கனமாக அடித்திருந்தால் பொறுமை ஒன்றே மருந்து. மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் மறந்துவிடுங்கள்.

மர ஹல்லுக்கு எபாக்சி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) பூசி அதன்மேல் அடித்ததா? ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அது பெயிண்டைக் காயவிடாது, ஒட்டவும் விடாது. அது தண்ணீரில் கரையும். பச்சைநிற ஸ்கிரப்பரும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், தின்னர் வேண்டாம். பெயிண்டுக்கு முன் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது பெயிண்டை எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

எபாக்சியே பிசுபிசுக்கிறது என்றால் கலவை விகிதம் தப்பிவிட்டது. அது ஒருநாளும் இறுகாது. சுரண்டுங்கள்.

## தண்ணீரில் விட்டபின் கொப்புளம்

இது பெயிண்ட் வேலையே இல்லை, படகு தண்ணீர் குடிக்கிறது. பெயிண்டைத் திட்டிக்கொண்டே மூன்று தடவை திரும்ப அடித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

சமையலறைத் தராசில் படகைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிவையுங்கள். அரைமணி ஓட்டிவிட்டு, உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் துடைத்து மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால் மரம் உறிஞ்சியிருக்கிறது. கொப்புளம் எங்கே என்று பாருங்கள்: ப்ரொபெல்லர் தண்டு வெளியே வரும் குழாயைச் சுற்றி இருந்தால் அங்கே சீல் இல்லை. சுக்கான் திருகு ஓட்டை என்றால் அதேதான். அடி முழுவதும் பரவி இருந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி உட்புறத்திலிருந்து ஊறுகிறது, ஏனென்றால் வெளியே ஆறு கோட் அடித்துவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் விடுகிறோம்.

பட்டி வைத்த இடத்தில் மட்டும் கொப்புளம் என்றால், காருக்குப் போடும் பாலியெஸ்டர் பட்டி ஈரம் இழுக்கும். நீர்க்கோட்டுக்குக் கீழே அதை வைத்தால் மேலே எபாக்சி ஒரு பூச்சு கட்டாயம்.

கொப்புளத்தைத் திறந்து, ஒரு வாரமாவது காயவிட்டு, தராசில் பழைய எடைக்கு வந்தபிறகுதான் மூடவேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த வெயிலில் அதே இடத்தில் எழும்பும்.

## கேன் துப்புகிறது

கேனுக்குள் இருக்கும் குண்டின் ஒலி கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள், பாதிப் பேர் இருபது நொடியில் நிறுத்திவிடுகிறார்கள். முனையைக் கழற்றித் தின்னரில் போடுங்கள், ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி இன்னும் துப்பும். வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்துங்கள். கடைசி ஐந்தில் ஒரு பங்குப் பெயிண்டை ஹல்லில் அடிக்காதீர்கள். உள்ளே தெரியாத இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## மேல்கட்டு இளகிவிட்டது

பிளாஸ்டிக் ஷீட்டில் செய்த கேபின் மேல் லாக்கரைக் கனமாக அடித்தால் இளகும், தெர்மகோல் என்றால் கரைந்தே போகும். பிளாஸ்டிக்குக்குத் தூறல் கோட் மட்டும். தெர்மகோலுக்கு முதலில் தண்ணீரில் கலக்கும் பெயிண்டைத் தூரிகையால் பூசி முழுக்க மூடுங்கள்.

## எப்போது பெயிண்டரிடம் கொடுப்பது

பெட்ரோல், மெத்தனால் எரிபொருளில் ஓடும் படகென்றால் கேன் லாக்கர் நிற்காது. எரிபொருள் சிந்திய இடம் இளகும். அதற்கு 2கே கிளியர் வேண்டும். அடியில் ஊசியைத் தட்டி ஹார்டனரை உடைத்துவிடும் 2கே கேன்களும் கிடைக்கின்றன, உடைத்தபின் ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆஸ்துமாவாக நிற்கும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. சாதாரணக் கேனுக்கே கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது. 2கே-யை நான் வீட்டில் அடிப்பதில்லை, டிங்கரிங் கடையில் ஏதாவது காருக்குக் கிளியர் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "தம்பி, பம்பரோட சேர்த்து அடிச்சுடறேன்" என்பார் பெயிண்டர் அண்ணன். தேய்த்துத் துடைத்த ஹல்லாகக் கொடுத்தால் பெரிதாகக் காசு கேட்க மாட்டார்.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். தண்டுக் குழாயை அடைத்திருக்கிறீர்கள், பிரிக்க வேண்டாம். அடியில் அடித்திருக்கும் பெயிண்ட் என்ன வகை. மூன்றாவது, சூடு ஏற்றும் அறையில் வைக்கக் கூடாது. கார் கதவுக்கு 60 டிகிரி ஒன்றும் செய்யாது, வீட்டில் எபாக்சி போட்டு ஒட்டிய படகு அந்தச் சூட்டில் இளகும். இதைச் சொல்லாமல் வேறொரு கடையில் கொடுத்த என் ஐந்தாவது படகு அருமையான பளபளப்போடு திரும்பி வந்தது. தண்ணீரில் விட்டால் இடது பக்கமாகவே போகிறது.